பிரேக் அக்காவின் பாஸாகாத மாணவர்

வருடத்தில் பத்து நாள் அம்மா வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று ஒன்பது வருடம் நம்பினோம். நானும் தங்கையும் படித்தவர்கள்தான். அப்படியும் நம்பினோம்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முப்பத்தொரு வருடம் அந்த வேலை. ஊரில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே ஆசிரியருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய வலது கால் அதன் மேல் குடியிருந்தது. காரை விட்டு அவள் இறங்கினாலும் கால் இறங்காது. பஸ்ஸில் போகும்போது தரையை அழுத்துவாள். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் இருந்து அழுத்துவாள். தங்கையின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கொஞ்சம் விறுவிறுவென்று நடந்து வந்தபோது அழுத்தியதை நானே பார்த்தேன். என் காரில் பக்கத்து இருக்கையின் கால்மிதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவள் குதிகால் போட்டது. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது.

கால் அப்படி என்றால் வாய் அதற்கு அண்ணன். வக்கீல், டாக்டர், காவல் அதிகாரி என்று யார் வந்தாலும் ஒரே திட்டுதான். "கண்ணாடி எதுக்கு இருக்கு? நீ அழகான்னு பார்க்கறதுக்கா? பின்னாடி லாரி வருதுய்யா" என்பாள். கேட்டவர் காவல் அதிகாரி. "சரிங்கக்கா" என்றார்.

பாஸானவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "இனிமே என் மூஞ்சில முழிக்காதே." உனக்கு இனி நான் தேவையில்லை என்று அர்த்தம். அதைக் கேட்பதற்காகவே ஆட்கள் கையில் இனிப்பு டப்பாவோடு வருவார்கள். எனக்குப் பதினெட்டு வயதில் லைசென்ஸ் வந்த அன்று என்னிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு, "சாப்பாடு ஆறுது, வா" என்றாள்.

பள்ளியின் வாசலில் ஒரு பலகை. "இங்கே கற்றவர் தோற்றதில்லை." மழைக்கு முன்னும் பின்னும் அதைத் துடைப்பாள்.

நாங்கள் சாமி, பூசை என்று அலைகிற குடும்பம் அல்ல. ஆனாலும் அம்மா வருடத்துக்கு ஒரு முறை மலைமேல் இருந்த ஒரு கத்தோலிக்கத் துறவு மடத்துக்குப் போனாள். பேசா மடம். விருந்தினருக்கு ஆறு அறைகள் உண்டு. "நிம்மதியா பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்பாள். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். பேசாத இடத்துக்குப் போனவளுக்குத் தொண்டை எப்படிக் கட்டும் என்று ஒரு தடவை கேட்டேன்.

"பேசாம இருந்து பழக்கம் இல்லைல்ல. சுளுக்கிக்கிச்சு."

நான் லிப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய் லிப்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதிப்பது என் வேலை. எந்த ஒப்பந்ததாரராவது இப்படி ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் லிப்டைப் பூட்டி சீல் வைத்திருப்பேன். அம்மா என்பதால் விட்டுவிட்டேன்.

அம்மா இறந்த ஐந்தாவது வாரம் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. "அறை நான்கு வழக்கம்போல் தயார். செவ்வாய்க்கிழமை வாருங்கள். வியாழக்கிழமை எட்டாவது. உங்களுக்காக ஜெபிக்கிறோம். எங்களுக்காக இன்னும் கொஞ்சம் அதிகமாக ஜெபிக்கிறோம்."

எட்டாவது என்ன என்று தங்கைக்கும் தெரியவில்லை.

"போய்ப் பார்த்துட்டு வாயேன்ணா" என்றாள் போனில். "நீ வீட்ல உட்கார்ந்து எல்லா கதவுக்கும் ஸ்க்ரூ டைட் பண்ணிட்டிருக்கியாம். பாத்ரூம் கதவு திறக்க மாட்டேங்குதுன்னு அண்ணி அழுதுச்சு."

செவ்வாய்க்கிழமை போனேன்.

மடம் அமைதியாகத்தான் இருந்தது. கல் கட்டடம், நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் தூண்கள் நின்ற நடைபாதை, ஒரு மணிக்கூண்டு. காற்றும் பறவையும் தவிர சத்தம் இல்லை. ஆனால் எனக்குத் தொழில் புத்தி. வெளிவாசல் தூண் இரண்டிலும் கீறல். தோட்டச் சுவரில் கீறல். தண்ணீர்த் தொட்டியில் கீறல். எல்லாம் தரையிலிருந்து சரியாக நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில். வேலிச் செடியில் ஒரு வேன் அகலத்துக்கு ஓட்டை. முற்றத்து மூலையில் ஒரு புனிதரின் சிலை. அவருக்குக் கால் கட்டைவிரல் இரண்டும் இல்லை. அவர் மட்டும் கொஞ்சம் பின்வாங்கி நிற்பதுபோல் பட்டது.

வாசலுக்கு ஒரு துறவி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டகத்துக்கு அங்கி மாட்டியது போன்ற உயரம். விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு. என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். என் காரையும் வணங்கினார். பிறகு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா?"

"இல்லைங்க" என்றேன். ஐந்து வாரமாக இந்தச் சொல்லைப் பலரிடம் சொல்லிப் பழகியிருந்தேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நடைபாதையில் ஒரு பூனை எதிரே வந்தது. ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். பூனை உட்கார்ந்துவிட்டது. நாங்கள் காத்திருந்தோம்.

நான்காம் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மேசை இழுப்பறையில் அம்மாவின் நோட்டு. அட்டையில் அவள் கையெழுத்தில் "நீங்கபோங்க" என்று எழுதியிருந்தது. திறந்தேன்.

"முதல் ரெண்டு வருஷம் தோட்டத்தையே தாண்டலை. அப்புறம் முதல் டெஸ்ட். முச்சந்தியில் இருபத்தாறு நிமிஷம் நின்னார். வந்தவன் போனவனுக்கெல்லாம் நீங்க போங்கன்னு வழிவிட்டார். சைக்கிளுக்கு விட்டார். ஓரமா நிறுத்தி வச்சிருந்த லாரிக்கும் விட்டார். அது எப்படிப் போகும்? ஃபெயில்.

ரெண்டாவது. மணி. ஃபெயில்.

மூணாவது. மணி. ஃபெயில்.

நாலாவது. டெஸ்ட் எடுக்கிற அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட இறங்கினார். ஹேண்ட்பிரேக் போடலை. அந்தம்மாவை ஏத்திக்கிட்டு வண்டி தானா போயிடுச்சு. ஃபெயில்.

அஞ்சாவது. மணி.

ஆறாவது. பின்னாடி வந்தவன் இடிச்சான். இடிச்சவன்கிட்ட இவர் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். ஃபெயில்.

ஏழாவது. மணி. என்னைக் கூப்பிட்டுக்கோ சாமி."

கீழே சின்ன எழுத்தில்: "இது வெளியே தெரிஞ்சா பலகையைக் கழட்டணும்."

நோட்டை மூடினேன். ஒன்பது வருட நிம்மதி இதுதான்.

அந்த மடத்தில் பேச அனுமதித்த அறை ஒன்றே ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் அங்கே பேசலாம். ஐந்து நாற்காலி. உயரமான பிரதரும் இன்னொருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மற்றவருக்கு எண்பத்தொரு வயது. அவரை எல்லோரும் பெரியவர் என்றார்கள். நாற்பது வருடம் மடத்து வேனை ஓட்டியவர்.

"நோட்டைப் படிச்சீங்களா தம்பி?" என்றார் உயரமான பிரதர்.

"படிச்சேன். நீங்கதான் நீங்கபோங்கவா?"

"அக்கா வச்ச பேருங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. எங்க பெரிய ஃபாதர்கூட."

"பெரியவர் ஓட்டறாரே. நீங்க எதுக்குக் கத்துக்கணும்?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு வயசாகுதுன்னு ஒன்பது வருஷம் முன்னாடியே இவனை அக்காகிட்ட விட்டாங்க. இப்ப வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் ரெண்டும் ஓய்வு வாங்கிடுச்சு. நானே ஓட்டிட்டுப் போவேன், படுப்பேன், முடிஞ்சதும் நானே ஓட்டிட்டு வந்துடுவேன்."

"டயாலிசிஸ் முடிஞ்ச கையோடவா?"

"கையோடத்தான். கட்டுப் போட்ட கையோட. போன மாசம் டாக்டர் ஜன்னல் வழியாப் பார்த்துட்டார். இறங்கி ஓடி வந்து சாவியைப் பிடுங்கிட்டார். நல்லா ஓடறார், சின்ன வயசு."

இப்போது ஊரிலிருந்து ஒரு வாடகைக் கார் வருகிறது. மாதக் கடைசியோடு வர முடியாது, மலை ஏறி ஏறி எஞ்சின் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிரதர்கள் பத்துப் பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். நீங்கபோங்க பிரதர் வியாழக்கிழமை பாஸாகாவிட்டால் அடுத்த டெஸ்டுக்கு ஒரு வருடம் ஆகும். அதுவரை பெரியவரை நகரத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். ஐம்பத்தாறு வருடம் இருந்த மடத்தை விட்டுவிட்டு.

"போனா வரமாட்டேன்" என்றார் பெரியவர். "அங்க சாப்பிடும்போது பேசுவாங்களாம். எனக்குச் செரிக்காது."

"அந்த மணின்னு எழுதியிருக்கே, அது என்ன?" என்று கேட்டேன்.

நீங்கபோங்க பிரதர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். "மணி அடிச்சா ஜெபத்துக்குப் போகணும். கையில என்ன இருந்தாலும் அப்படியே விட்டுடணும். பாதி எழுத்துல பேனாவை வச்சுடணும். அதான் எங்க ஒழுங்கு. இருபத்துமூணு வருஷமாச்சு தம்பி. மணி கேட்டா கை தானா எடுத்துக்குது."

"ஸ்டீயரிங்ல இருந்துமா?"

"காலும் எடுத்துக்குது."

டெஸ்ட் எடுக்கும் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மாதா கோயில். அரைமணிக்கு ஒரு தடவை மணி அடிக்குமாம்.

"சூப்பு குடிக்கும்போது மணி அடிச்சா இவன் கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவுல நின்னுடும்" என்றார் பெரியவர். "நாங்க முழுங்கிட்டுப் போவோம். இவன் ரொம்ப நல்லவன். அதான் பிரச்சினை."

எனக்குக் கற்றுக்கொடுக்க வராது, கத்தவும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் மறுத்துப் பேசவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் இருப்பதில் பல வருட அனுபவம் உள்ளவர்களோடு யாரும் அந்தப் போட்டிக்குப் போகக் கூடாது.

புதன்கிழமை காலை பயிற்சி. நீங்கபோங்க முதலில் என் காருக்குள் எட்டிப் பார்த்தார். கால்மிதியின் ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"இது அக்கா போட்டதா?"

"ஆமா."

"எங்க வேன்லயும் ஒண்ணு இருக்கு. இதைவிடப் பெருசு."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பெரிதுதான். என்னுடையது ஒரு கோலிக்குண்டு போகும் அளவு. வேனில் இருந்தது ஒரு எலுமிச்சம்பழம் போகும் அளவு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேனில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். குதிகால் நேராக அந்தக் குழியில் இறங்கியது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனது நான்தான். காலை நேரப் போக்குவரத்தில் பதினேழு நிமிடம். மூன்று சிக்னல். வேகமாகத்தான் ஓட்டினேன். ஒரு தடவைகூட அவள் கால் தரையை அழுத்தவில்லை. வாசலில் நிறுத்தியபோது, "நல்லா ஓட்டினே" என்றாள். இருபது வருடத்தில் நான் ஓட்டுவதை அவள் பாராட்டியது அந்த ஒரு முறை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கிளம்பலாமா தம்பி?" என்றார் பிரதர்.

"கிளம்புங்க."

ஓட்டத் தெரியாதவர் அல்ல. கியர் மாற்றுவது வெண்ணெய் மாதிரி. வளைவில் கண்ணாடியைப் பார்த்தார், அழகு பார்க்க அல்ல. அம்மா சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. தோட்டத்தைச் சுற்றி மூன்று வட்டம் வந்தோம். நான்காவது வட்டத்தில் தண்ணீர்த் தொட்டியை நோக்கிய இறக்கத்தில் மணி அடித்தது.

இரண்டு கையும் மடியில். இரண்டு காலும் பின்னால். தலை குனிந்தது. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இல்லாத பிரேக்கை என் காலால் மூன்று முறை அழுத்தினேன். பிறகுதான் ஹேண்ட்பிரேக் ஞாபகம் வந்து இழுத்தேன். தொட்டிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி. அவர் இறங்கி, தொட்டியை வணங்கி, ஜெபத்துக்குப் போய்விட்டார்.

ஜெபம் முடிந்ததும் அவரையும் பெரியவரையும் அழைத்துக்கொண்டு பெரிய ஃபாதரைப் பார்க்கப் போனேன். மடத்தின் தலைவர். அந்த வாரம் அவருக்குச் சமையலறை முறை. தலைவராக இருந்தாலும் முறை வந்தால் உரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு கூடை உருளைக்கிழங்குக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் காரியம் என்றால் பேசலாம். விஷயத்தைச் சொன்னேன்.

கத்தி நின்றது. "ஏழு தடவையும் மணிக்காகவா ஃபெயில் ஆனே?"

"நாலு தடவை ஃபாதர்" என்றார் நீங்கபோங்க.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல ஃபாதர்."

"அக்காவாவது சொல்லியிருக்கலாமே. தொண்டை கிழியக் கத்திட்டு, என்கிட்ட வந்து ரொம்ப நல்லாப் போகுதுன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க."

பலகையைப் பற்றிச் சொன்னேன். தன்னிடம் கற்கும் ஒருவர் தோற்கிறார் என்பதை அவள் எங்களிடமே சொல்லாதவள், இவரிடமா சொல்லியிருப்பாள்.

"நான் இவனுக்கு டிரைவிங் வரலைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் பெரிய ஃபாதர்.

"நானும்" என்றார் பெரியவர்.

"இதுக்கு ஒன்பது வருஷமா?" பெரிய ஃபாதர் கிழங்கை எடுத்தார். "எங்க ஒழுங்குல என்ன எழுதியிருக்குன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். மணிச்சத்தம் காதுல விழுந்ததும் கையில இருக்கறதை அப்படியே விட்டுட்டு..."

மணி அடித்தது.

கத்தி பாதிக் கிழங்கில் நின்றது. மூவரும் எழுந்தார்கள். பெரியவர்கூட என்னை இடித்துக்கொண்டுதான் போனார். கண்ணிமைப்பதற்குள் சமையலறையில் நானும் உருளைக்கிழங்கும் மட்டும்.

இருபத்திரண்டு நிமிடம். அந்த வாக்கியத்தின் மறுபாதி என்ன என்று தெரியாமல் என்னால் அங்கிருந்து போகவும் முடியவில்லை. இருபத்தொரு கிழங்கு உரித்தேன்.

திரும்பி வந்தார்கள். பெரிய ஃபாதர் உட்கார்ந்தார். அதே கிழங்கை எடுத்தார். அதே இடத்தில் கத்தியை வைத்தார்.

"...வேகமாப் போகணும்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. அவர்கள் மூவரும் இப்போது செய்தது அதுதானே. மணி அடித்ததும் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் கிளம்பினார்கள்.

"பிரதர்" என்றேன், "உங்க ஒழுங்குல நிறுத்துன்னு எங்கயும் இல்லையே. விட்டுட்டுப் போன்னுதானே இருக்கு."

நீங்கபோங்க யோசித்தார்.

"லிப்ட்ல தீ எச்சரிக்கை மணி அடிச்சா அது அந்தரத்துல நிக்காது. நின்னா உள்ள இருக்கறவன் கதி என்ன? போக வேண்டிய மாடிக்குப் போய், கதவைத் திறந்துட்டு அப்புறம்தான் நிக்கும். நீங்க அந்தரத்துல நிக்கறீங்க."

"பாதியைத்தான் கடைப்பிடிச்சிருக்கேன்" என்றார் நீங்கபோங்க மெதுவாக. முகம் வெளிறிவிட்டது. "இருபத்துமூணு வருஷமா."

"பாவசங்கீர்த்தனமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் பெரிய ஃபாதர். "இப்ப நான் சொல்றதைக் கேளு. வண்டியில இருக்கும்போது மணி அடிச்சா வேகமாப் போ. இது என் கட்டளை."

தலைவரின் கட்டளைக்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. நீங்கபோங்க வணங்கினார்.

அன்று மாலைப் பயிற்சியில்தான் அந்தக் கட்டளையில் உள்ள ஓட்டை தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அவர் எழும்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். தோட்டமும் கோழிக் கூண்டும் பின்னால் பறந்தன. புனிதரின் சிலை எதிரே வந்தது. அந்த நேரத்தில் யாரோ வண்டிக்குள் கத்தினார்கள்.

"யோவ், போன்னா என்ன, மேலுலகத்துக்கா? மிதிய்யா பிரேக்கை."

வேன் நின்றது. புனிதருக்கு இந்த முறை சேதம் இல்லை. பிரதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா மாதிரியே இருந்துச்சு" என்றார்.

பிறகு நாங்கள் கட்டளையைத் திருத்தினோம். நின்றுகொண்டிருந்தால் கிளம்பு. ஓடிக்கொண்டிருந்தால் அதே வேகத்தில் ஓட்டு. பெரிய ஃபாதர் கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே ஒப்புதல் கொடுத்தார். "இதையெல்லாம் நீங்களே முடிவு பண்ணிக்க மாட்டீங்களாப்பா" என்றார்.

வியாழக்கிழமை. டெஸ்ட் எடுக்கும் அதிகாரி நோட்டில் இருந்த அதே அம்மாள். ஏழு முறையும் பிரதரை ஃபெயிலாக்கியவர். கையில் அட்டையும் பேனாவுமாக வந்தார்.

"வாங்க பிரதர். இந்த வருஷமும் வந்துட்டீங்க. உடம்பெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்மா. உங்களுக்கு முட்டி வலி?"

"பரவாயில்லை. முதல்லயே சொல்லிடறேன், கதவை நானே திறந்துப்பேன். நீங்க இறங்காதீங்க."

கூட வந்தவர் ஒருவர் பின்னால் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று விதி. அதிகாரி அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அலுவலக வாசல் தாண்டினார். திருப்பத்தில் சைகை காட்டினார். பின்னோக்கி எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் விட்டார். அதிகாரி அம்மா அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு முச்சந்தி.

முன்னுரிமை எங்களுக்கு. எதிரே ஒரு பால் வண்டி. பிரதர் நின்றார். பால் வண்டிக்காரர் கையைக் காட்டினார், வாங்க என்று. பிரதர் தலையைக் குனிந்தார், நீங்க போங்க என்று. அவர் மறுபடி காட்டினார். இவர் மறுபடி குனிந்தார். பால் வண்டி போயிற்று. அடுத்து ஒரு பள்ளி வேன். அதுவும் போயிற்று. ஒரு ஸ்கூட்டர். ஒரு தள்ளுவண்டி. பின்னால் ஹாரன் கேட்க ஆரம்பித்தது. அதிகாரி அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். எதை எழுதப் போகிறார் என்று அந்த மூடியே சொன்னது.

என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன். கத்தினால் அவர் தோற்பார். கத்தாவிட்டாலும் தோற்பார். காலையிலேயே பெரியவர் கட்டி வைத்திருந்த துணிப்பை கண் முன்னால் வந்தது. முதியோர் இல்லத்தில் பேசிக்கொண்டே சாப்பிடும் நாற்பது பேர் வந்தார்கள்.

மணி அடித்தது.

பிரதரின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டுத் துளி மேலே எழுந்தன. அந்தரத்தில் நின்றன. கைகள் திரும்ப இறங்கின. கையில் இருந்த வேலை, அதாவது நின்றுகொண்டிருப்பது, அதை அப்படியே விட்டார். கிளட்ச், கியர். வேகமாகப் போனார். தள்ளுவண்டிக்காரருக்குப் பின்னால் வந்த ஒரு சொகுசுக் கார் எங்களுக்காக நின்றது. அவருடைய வாழ்க்கையில் அவருக்காக நின்ற முதல் கார் அதுவாகத்தான் இருக்க வேண்டும். போகிற போக்கில் அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். ஸ்டீயரிங்கை விடாமல்.

அலுவலகத்துக்குத் திரும்பினோம். அதிகாரி அம்மா எழுதி முடித்தார். எழுதியதை மறுபடி படித்தார். தனக்கே நம்பிக்கை வராதது போல் இன்னொரு தடவை படித்தார்.

"பாஸ்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு? வழி பூரா என் முதுகுலயே உதைச்சுட்டு வந்தீங்க."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் அவர் இருக்கையின் முதுகில் முட்டி நின்றது.

"பிரேக் அக்கா பையன்" என்றார் நீங்கபோங்க.

"ஓ. அக்கா எங்க? ஏழு தடவையும் கேட்டுக்கு வெளிய நின்னு கத்துவாங்களே."

"இல்லைங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "உதைச்சது பரவாயில்லை" என்றார்.

மலை ஏறும்போது பிரதர்தான் ஓட்டினார். வழியெல்லாம் கத்தினேன். தேவை ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் ஓட்டினார். கத்த வருகிறது என்று தெரிந்தபின் நிறுத்த முடியவில்லை. மடத்து வாசலில் பெரியவர் துணிப்பையோடு நின்றார். வேன் இரண்டு தூணுக்கும் நடுவில், எதையும் தொடாமல், உள்ளே வந்ததைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"பெரியவரே, டயாலிசிஸ் நாளைக்குத்தான்" என்றேன்.

"தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கேன்."

மதியச் சாப்பாடு வரை இறங்கவில்லை.

மாலையில் பேசும் அறையில் நீங்கபோங்க என் எதிரே உட்கார்ந்தார். லைசென்ஸ் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கியிருந்தார்.

"அக்கா பாஸானவங்ககிட்ட ஒண்ணு சொல்வாங்களாமே தம்பி."

"ஆமா."

"மத்தவங்களுக்குச் சொன்ன கதையெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒன்பது வருஷம் காத்திருந்துட்டேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. காலையில் மலை ஏறும்போது கத்தியதில் தொண்டை போயிருந்தது. அது மட்டும் காரணம் அல்ல. பிரதர் அவசரப்படவில்லை. வழிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"இனிமே" என்று ஆரம்பித்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். "இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க பிரதர்."

அவர் எழுந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நான் அறைக்குப் போய் நோட்டை எடுத்தேன். "எட்டாவது. மணி. பாஸ்" என்று எழுதினேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து இருட்டும் வரை அழுதேன். அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த விதத்தில் நல்ல இடம்.

மறுநாள் காலை தங்கை போன் செய்தாள்.

"என்னண்ணா, குரலைக் காணோம்?"

"நிம்மதியா இருந்தேன்" என்றேன்.

"அம்மா மாதிரியே பேசறே" என்றாள். "வந்ததும் முதல்ல பாத்ரூம் கதவைப் பாரு."

கீழே சாப்பாட்டு அறையில் ரொட்டியும் பாலும். நீங்கபோங்கதான் பரிமாறினார். கதவிலிருந்து என் மேசை வரை முதுகைக் காட்டிக்கொண்டே நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பாலை ஊற்ற ஆரம்பித்தார்.

"பிரதர், என்ன பண்றீங்க?"

"அக்கா வாக்கு தம்பி. கிடைச்சதை ஒரு நாளாவது கடைப்பிடிக்கணும்ல."

"கோப்பை இந்தப் பக்கம் இருக்கு."

"நீங்க சொல்லுங்க, நான் வரேன்."

கோப்பை நிறைந்தது. மேசைக்கடியில் என் வலது கால் தரையை அழுத்தியது. பால் நிற்கவில்லை.